பூங்கொடி பேரில் ஓடிய லைன்

வெளியாட்களுக்கென்று எங்கள் கம்பெனி வாசலில் வைத்திருக்கும் பாதுகாப்பு ஷூ யாருக்கும் சரியாக இருந்ததில்லை. ஒன்று விரலைக் கடிக்கும், இல்லையென்றால் நடக்கும்போது குதிகால் தனியாகக் கழன்று வரும். கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போவது பல வருடம் என் வேலையாக இருந்தது. அவர்களை நினைத்தால் முகம் வருவதற்கு முன்னால் அந்த டொக் டொக் சத்தம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

போன வாரம் கம்பெனியிலிருந்து தினேஷ் கூப்பிட்டான். நான் ஓய்வு பெற்றபின் சிஸ்டம் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன்.

"மேரிக்கா, மறுபடியும் காலேஜ்காரங்களோட டை-அப் வருது. டேட்டாபேஸ்ல ஆராய்ச்சி பண்றவங்களும், அத வெச்சு வேலை பாக்கற நம்மள மாதிரி ஆளுங்களும் ஒண்ணா உக்காரணுமாம். நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்."

"மைக்கப் புடிச்சுப் பேசறதெல்லாம் எனக்கு வராதுடா."

"அப்ப எழுதியாவது குடுங்க. கம்பெனி மலர்ல போட்டுர்றேன்."

எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவன் பாடு. கம்பெனி பேரை எழுதவில்லை. எழுதினதை மூன்று தரம் படித்துப் பார்த்துவிட்டேன், இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

நான் படித்தது ஒன்பதாவது வரைக்கும். நின்றுபோனதற்கு எல்லா வீட்டிலும் சொல்கிற காரணம்தான், அதை விடுங்கள். தாம்பரம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சில வருடம் சட்டைக்குப் பட்டன் வைத்தேன். கல்யாணமாகி மணிமங்கலம் வந்தபிறகு, ஒரகடத்தில் கம்பெனிகள் முளைக்க ஆரம்பித்த காலத்தில், கார் சீட்டைத் தாங்கும் இரும்பு பிராக்கெட் செய்கிற இடத்தில் பேக்கிங்கில் சேர்ந்தேன். பிறகு பார்கோடு வந்தது, ஸ்கேன் பண்ணுகிற துப்பாக்கி வந்தது. மற்றவர்கள் ஒரு தரம் அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார்கள். நான் போய்விட்டுத் திரும்பி வந்து லேபிளைப் பார்ப்பேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடியவள் நான். இந்தப் பயத்தைப் பார்த்துத்தான் என்னைச் சிஸ்டம் பிரிவுக்கு மாற்றினார்கள். தப்பு நடந்துவிடுமோ என்று பயப்படுகிற ஆள் ஒருத்தர் எனக்கு வேண்டும் என்று சந்தானம் சார் கேட்டு வாங்கினாராம்.

சந்தானம் சார் அந்தப் பிரிவின் தலைவர். உயரமான ஆள், குரல் மட்டும் சின்னது. யார் பேச வந்தாலும் பேனா மூடியைக் கழற்றி மேசைமேல் நிற்க வைப்பார். எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் பதில் சொல்ல மாட்டார். அந்த மூடியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, அப்புறம்?" என்பார். அந்த அப்புறத்தில்தான் எல்லாரும் மாட்டுவோம். தயார் பண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் தீர்ந்திருக்கும். அதற்குமேல் வாயில் வருவது நிஜமாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு அப்போது ஒரு தீராத தலைவலி. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் சிஸ்டம் படுத்துக்கொள்ளும். ஸ்கேன் பண்ணினால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். பச்சை வந்தால்தான் பெட்டியை நகர்த்தலாம். லைனில் நிற்கிற பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு வட்டத்தைப் பார்ப்பார்கள், சூப்பர்வைசர் வந்து எங்கள் கதவைத் தட்டுவார். சிஸ்டத்தை விற்றவர்கள் பெரிய கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னார்கள். வாங்கினோம். வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் கௌசல்யா மேடம் என்று ஒருவர் இதைத்தான் ஆராய்ச்சி பண்ணுகிறார் என்று சார் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தார். ஒரே சமயத்தில் நிறைய பேர் டேட்டாபேஸில் எழுத வந்து முட்டினால் யாரை விடுவது, யாரை நிறுத்தி வைப்பது என்பது அவருடைய பாடம். அத்தனை வருடம் அதில் ஊறியும் ஒரு தொழிற்சாலையின் நிஜ டேட்டாவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்களாம். தானே கம்ப்யூட்டரில் உண்டாக்கின டேட்டாவை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நிஜ டேட்டா கிடைக்காவிட்டால் அந்த ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்.

அதற்கு முன்னால் வந்த காலேஜ்காரர்களை எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. மெஷின் பக்கத்தில் நின்று போட்டோவுக்கு அலைவார்கள், ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வந்தவர் உட்காருவதற்குள், "எப்ப முடியும்?" என்பார்கள். அவர்களோ, "ஏன் இப்படி ஆகுது?" என்று ஆரம்பிப்பார்கள். எப்ப என்பதும் ஏன் என்பதும் கடைசிவரை சேராது.

சந்தானம் சார் அதற்கு ஒரு வழி வைத்தார். புதன்கிழமை தோறும் கேன்டீன் மூலையில் டீ. மீட்டிங் ஹால் கிடையாது. எங்கள் பக்கத்து ஆள் முதலில் நம்மிடம் சரியில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடம் முதலில் தனக்குப் புரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் மற்ற பேச்சு. முதல் சில வாரம் எல்லாரும் வடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போகப்போக வாய் திறந்தது.

மேடத்தை வாசலில் கூட்டிக்கொள்வது நான். போன் கேமராவின்மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், லேப்டாப் நம்பரைச் செக்யூரிட்டியிடம் சொல்ல வேண்டும், ஷூ மாட்ட வேண்டும், மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே நடக்க வேண்டும். டேட்டா கொடுப்பதற்கும் இதே மாதிரி ஒரு முறை. ஆட்கள் பேரை எடுத்துவிட்டு எண் போட்டுத்தான் தரலாம். எந்த எண் யார் என்று கல்லூரிக்குச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். பேரை மாற்றும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பேரும் தப்பிப் போய்விடவில்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். அந்த ராத்திரி தூக்கம் வராது.

இந்த இடத்தில் பூங்கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற பெண். லைன் தொடங்கின நாளிலிருந்து இருக்கிறவள், வாய் துடுக்கு. ஸ்கேன் பண்ண வேண்டுமானால் அவரவர் பேரில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைய வேண்டும் என்பது சட்டம். ஆனால் கான்ட்ராக்டில் வருகிற பெண்களுக்குப் பாஸ்வேர்டு வந்து சேருவதற்குள் பாதிப் பேர் வேலையை விட்டே போயிருப்பார்கள். இருக்கிறவர்களும் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் அதைப் போட்டுவிட்டு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பூங்கொடி பாஸ்வேர்டு அவள் மகள் பேர், எல்லாருக்கும் தெரியும். அதனால் ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒவ்வொரு திரையிலும் அவள் பேரைப் போட்டுவிடுவார்கள். "பூங்கொடி போட்டாச்சா?" என்று சூப்பர்வைசரே கேட்பார், மெஷினுக்கு ஆயில் போட்டாச்சா என்கிற மாதிரி. அவள் லீவில் இருக்கிற நாளிலும் பூங்கொடி போட்டுத்தான் லைன் ஓடும். அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை மேடம் டீயைக் கூடத் தொடாமல் ஆரம்பித்தார். "எனக்குப் புரியாதது இந்த வாரம் ஒண்ணு இருக்கு. நாப்பத்தொண்ணுன்னு ஒரு எண். அது ஆளா, மெஷினா?"

சார் மூடியை நிற்க வைத்தார். "ஏன் கேக்கறீங்க?"

"அது தூங்கறதே இல்ல சார். ஒரே நேரத்துல பிளான்ட்டோட இந்தக் கோடியிலயும் இருக்கு, அந்தக் கோடியிலயும் இருக்கு." லேப்டாப்பில் படம் மாதிரி போட்டுக் காட்டினார். "ரெண்டு கம்ப்யூட்டர் கடிகாரமும் வேற வேற நேரம் காட்டுது போல. அழுக்கு டேட்டான்னு இதையெல்லாம் எடுத்துரலாம்னு இருக்கேன்."

நாற்பத்தொன்று யார் என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தம் இருக்கிறதே, சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரமே வினை வந்தது. கார் கம்பெனியிலிருந்து புகார். ஒரு பெட்டியில் இடது பக்க பிராக்கெட்டும் வலது பக்க பிராக்கெட்டும் கலந்து போயிருக்கிறது, அவர்கள் லைன் நின்றுவிட்டது. எங்கள் திரையில் பெட்டி எண்ணைப் போட்டால் அதை ஸ்கேன் பண்ணின ஆள் பேர் வரும். போட்டார்கள். பூங்கொடி என்று வந்தது.

நான் மேடத்தைக் கூட்டி வரப் போனபோது எச்.ஆர். அறைக்கு வெளியே அவள் உட்கார்ந்திருந்தாள். மேல்கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"இன்னாடி இங்க?"

"பெரியவரு கார்டைக் குடுத்துட்டுப் போச் சொல்லிட்டாருக்கா. நான் அன்னிக்குப் பேக்கிங்ல நிக்கவே இல்ல, அந்தாண்ட வெல்டிங்ல நின்னுகினு இருந்தேன்னு சொல்றேன், சிஸ்டம் பொய் சொல்லுமான்றாரு. சிஸ்டம் என்னியப் பாத்துச்சா?" மேல்கோட்டை இன்னும் சின்னதாக மடித்தாள். "என் பேர அம்மாம் பேரு போட்டுக்கினு கீறாங்க, ஒருத்தி வந்து வாயத் தொறக்கல பாரு."

யார் திறப்பார்கள்? 'நான்தான் பூங்கொடி போட்டேன்' என்று ஒருத்தி வந்து சொன்னால் அவள் கார்டும் போகும்.

அவளை வெளியே அனுப்ப நினைத்த அந்தப் பெரியவர் புரொடக்‌ஷன் மேனேஜர். பெட்டியைக் கேட்டால் ஆள் வரும், ஆனால் ஆளைக் கேட்டு அவள் எங்கெங்கே நின்றாள் என்று பார்க்க எங்கள் திரையில் வழி கிடையாது. அப்படிப் பார்த்து வைத்திருந்தவர் கௌசல்யா மேடம் ஒருவர்தான். அவருக்கோ அது பூங்கொடி என்று தெரியாது. அழுக்கு என்று எடுத்துப் போட்டிருப்பாரோ என்று பயம் வந்தது. மேடத்தைக் கேன்டீனில் உட்கார வைத்துவிட்டு நேரே சாரிடம் போனேன்.

"சார், நாப்பத்தொண்ணு யாருன்னு மேடத்துக்குச் சொல்லலாமா? ஒப்பந்தம் இருக்கே."

மூடியைப் பார்த்தார். "சரி, அப்புறம்?"

"அப்புறம்... சொன்னா கம்பெனி குட்டு வெளியாளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மேடத்தை உள்ளயே விட மாட்டாங்க. அவங்க ஆராய்ச்சி போயிரும். சொல்லலன்னா இவ வேலை போயிரும்."

பிறகு பேனாவை மூடினார். "நீங்க சொல்ல வேணாம் மேரி. நான் கூட்டிட்டு வரேன்."

கேன்டீன் மூலைக்குப் பூங்கொடியை அவரே அழைத்து வந்தார். "மேடம், போன வாரம் கேட்டீங்களே நாப்பத்தொண்ணு, அது இவங்கதான். இதை நான் சொன்னேன்னு இருக்கட்டும்."

மேடம் எழுந்து நின்றுவிட்டார். பூங்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா மேடம், நான் மெஷினான்னு கேட்டீங்களாமே?"

"நான் எண்ணைத்தான்மா பாத்தேன்," என்றார் மேடம். அந்த டேட்டாவை இன்னும் அழிக்கவில்லை என்றும் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேனேஜர் அறையில் மேடம் படத்தைக் காட்டினார். அந்தப் பெட்டி பேக்கிங்கில் ஸ்கேன் ஆன அதே நேரத்தில் இவள் பேர் வெல்டிங்கிலும் விழுந்துகொண்டிருந்தது. மேனேஜர் பார்த்துவிட்டு, "போன வாரம் நீங்கதானே கடிகாரம் தப்புன்னு சொன்னீங்களாம்? அழுக்கு டேட்டான்னு சொன்னீங்களாம்? ஸ்பீடு பண்ணத்தானே வந்தீங்க, இது எதுக்கு உங்களுக்கு?" என்றார்.

மேடம் முகம் சிவந்தது. "நான் போய்ப் பாக்காமச் சொல்லிட்டேன் சார். இப்ப பாத்துட்டுச் சொல்றேன்."

எல்லாருமாக இறங்கி நடந்தோம். முன்னால் மேனேஜர், பின்னால் டொக் டொக்கென்று மேடம். வெல்டிங் கோடியில் சார் நின்றார், பேக்கிங் கோடியில் நானும் மேடமும் நின்றோம். மேனேஜர் நடுவில் நின்று கையை இறக்கினதும் இரண்டு பக்கமும் திரையில் உள்ள நேரத்தைத் துண்டுத் தாளில் எழுத வேண்டும். சரியாகத்தான் எழுதினேனா என்று எனக்குச் சந்தேகம், மறுபடியும் கையை இறக்கச் சொன்னேன். லைனில் இருந்த பெண்கள் வேலையை விடாமல் ஓரக் கண்ணால் பார்த்தார்கள். தாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நேரம். கடிகாரத்தில் ஒரு தப்பும் இல்லை.

"ஒரே ஆள் ரெண்டு இடத்துல நிக்க முடியும்னா, நாம ஆள் எடுக்கவே வேண்டியதில்ல சார்," என்றார் சந்தானம் சார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "அப்ப பாஸ்வேர்டு மாத்தி மாத்திப் போடறாளுங்க. யாரு போடச் சொன்னது? டிசிப்ளின் இல்ல."

சார் பேனா மூடியைப் பேக்கிங் மேசைமேல், பெட்டிகளுக்கு நடுவில் நிற்க வைத்தார். "சரி, அப்புறம்?"

மேனேஜர் அந்த மூடியைப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். "லைன் நிக்கக் கூடாதுன்னு சொன்னேன்," என்றார். மறுபடியும், "நான்தான் சொன்னேன்," என்றார்.

பூங்கொடி மேல்கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் மேடம் மஞ்சள் கோட்டில் அப்படியே நின்றுவிட்டார். "மேரிக்கா, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அந்த ஆள் கடைசியா எப்ப வேலை பாத்தாங்கன்னு சிஸ்டம் எழுதுமா?" எழுதும் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டு விளக்கினார். எல்லாரும் பூங்கொடி. பூங்கொடி இருப்பது டேட்டாபேஸில் ஒரே ஒரு வரி. ஒருவருக்காக அந்த வரியில் எழுதும்போது மற்ற அத்தனை பேரும் வெளியே நிற்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது அத்தனை திரையும் அந்த ஒரு வரிக்கு வரிசை கட்டி நின்றிருக்கிறது. சிஸ்டம் மெதுவாக இருந்ததால் பூங்கொடி போட்டோம். பூங்கொடி போட்டதால் சிஸ்டம் மெதுவானது. பெரிய கம்ப்யூட்டர் வாங்கி என்ன பண்ண? எங்களுக்கு வரி தெரியாது, அவருக்குப் பூங்கொடி தெரியாது. புதன்கிழமை டீ இல்லையென்றால் இரண்டும் சேர்ந்தே இருக்காது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பிராக்கெட்டை மாற்றிப் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வெளியாளை வைத்துக்கொண்டு இதெல்லாம் பேசலாமா என்று தலைமை அலுவலகம் சந்தானம் சாரைக் கேள்வி கேட்டது. மேடத்துக்கு டேட்டா கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கையில் இருந்ததை வைத்து எழுதிக்கொள்ளலாம், புதிதாகத் தர முடியாது என்றார்கள். அவர் மனசு வெறுத்து நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் டேட்டா இல்லாமலே புதன்கிழமைக்கு வந்தார். வேலைக்குச் சேருகிற அன்றைக்கே கையில் கார்டு, அதைத் திரையில் தொட்டால் போதும் என்று லைன் பெண்களோடு உட்கார்ந்து யோசித்துச் செய்தது அந்த மேசையில்தான். முதலில் தொடுகிற இடத்தை உயரத்தில் வைத்துவிட்டார்கள். "எங்களுக்கு இன்னா ஒட்டகக் கையா?" என்று பூங்கொடி கேட்டபிறகு இறக்கினார்கள். ஷிஃப்ட் மாறும்போது வட்டம் சுற்றுவது நின்றது.

சந்தானம் சார் அதற்கப்புறம் வேறு பிளான்ட்டுக்குப் போனார். பின்னால் வந்தவர்கள் கல்லூரிகளோடு பெரிய ஒப்பந்தம் போட்டார்கள். பூச்செண்டு, சால்வை, வாசலில் பலகை. மீட்டிங் ஹாலில் ஏசி போட்டு உட்கார்ந்து இரு பக்கமும் தங்கள் பெருமையைத் திரையில் காட்டினார்கள். சரியில்லாதது என்று ஒன்றை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. நான் மட்டும் பழையபடி வாசலில் ஷூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் முட்டி வலி வந்துவிட்டது. எதையும் எடுத்துச் சொல்கிற தெம்பு இல்லை.

தினேஷ், நீ கேட்டதற்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வருகிறவர்களைக் கேன்டீனில் உட்கார வை. முதலில் உன் பக்கத்துக் கோளாறைச் சொல். ஷூ கொஞ்சம் நல்லதாக வாங்கி வை.

கையில் இருந்த டேட்டாவை வைத்து மேடம் எழுதினது ரொம்ப நாள் கழித்து அச்சில் வந்தது. ஒரு புதன்கிழமை கொண்டு வந்து காட்டினார். முழுக்க இங்கிலீஷ், நடுவில் கோடு கோடாகப் படம். பூங்கொடி கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"இதுல நான் எங்க கீறேன் மேடம்?"

மேடம் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். ஒரே ஊழியர் எண் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்தது என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

"பேரு போடலியா?"

"போடக் கூடாதும்மா. உங்களுக்கு வருத்தமா?"

பூங்கொடி அந்த வரிமேல் தானும் விரலை வைத்துப் பார்த்தாள். "அய்ய, எனக்கு இன்னா வருத்தம். ஊர்ல கீற அத்தினி பேரும் என் பேரைப் போட்டுக்கினாங்க. இது ஒண்ணுலயாவது போடாம உடுங்க."

பெல் அடித்தது. கார்டைத் தொட்டுவிட்டு லைனுக்குப் போய்விட்டாள்.

இதிலும் போடவில்லை. பூங்கொடி என்பது நான் வைத்த பேர்.